உடன்பிறந்தாரோடு ஆறு நாடுகள்

ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர்கள் நம் சங்க உறுப்பினர்களில் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். மகனோ மகளோ அங்கே வேலையில் இருப்பதால் போனவர்கள் சிலர். சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் ஏறி, பத்து நாளில் பத்து நகரம் பார்த்துத் திரும்பியவர்கள் பலர். ஆனால் அக்கா, அண்ணன், தங்கை, தம்பி என்று கூடப்பிறந்தவர்கள் மட்டும் சேர்ந்து போனதாக நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. 2024 செப்டம்பரில் நாங்கள் நால்வர் அப்படிப் போய் வந்தோம். திருச்சியில் இருக்கும் அக்காவுக்கு வயது 71. அண்ணா கொல்கத்தாவில், நான் தில்லியில், தம்பி பெங்களூரில். நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க், பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து என்று ஆறு நாடுகள், பதினாறு இரவுகள்.

வந்த நாளிலிருந்து, "விசா எப்படி வாங்கினீர்கள்? எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்று பலரும் கேட்கிறார்கள். "வீட்டுக்காரரை விட்டுவிட்டா போனீர்கள்?" என்று கேட்டவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாமே என்றுதான் இந்தக் கட்டுரை.

கூடப்பிறந்தவர்கள் மட்டும் ஏன்?

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் போன்ற குடும்பங்களில் உடன்பிறந்தார் சந்திப்பது எப்போது? கல்யாணத்தில், இல்லையென்றால் காரியத்தில். இரண்டிலும் பந்தி விசாரிக்கவும் வந்தவர்களை வழியனுப்பவுமே நேரம் சரியாகப் போய்விடுகிறது. பெற்றோர் இருக்கும்வரை பிறந்த வீடு என்று ஒன்று இருக்கும். அங்கே கோடை விடுமுறையில் எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வோம். எங்கள் அம்மா காலமானதும் அந்த வீட்டை விற்றோம். பணத்தை நான்காகப் பிரித்துக்கொண்டோம். அதில் அண்ணாவுக்கும் தம்பிக்கும் சில வருத்தங்கள். பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது; "சௌக்கியமா, சௌக்கியம்" என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அக்காதான் ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள். "அம்மா இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரே வீட்ல தூங்கி எழுந்திரிச்சோம். இப்ப ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் விருந்தாளியாப் போயிட்டு வர்றோம்."

உண்மைதான். தம்பி வீட்டுக்கு அக்கா போனால் அவள் விருந்தாளி; தம்பி மனைவி பாவம், அடுக்களையை விட்டு நகர முடியாது. ஆனால் நால்வருக்கும் சொந்தமில்லாத ஓர் ஊரில் விருந்தாளியும் கிடையாது, வீட்டுக்காரரும் கிடையாது. மறுபடியும் அக்கா அக்காவாகிறாள், தம்பி தம்பியாகிறான். கணவன் மனைவிமாரை விட்டுவிட்டுப் போனதன் காரணம் அதுதான். அவர்களும் அதைப் புரிந்துகொண்டார்கள். "பதினாறு நாள் நிம்மதி" என்று என் வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை!

வழியைத் தேர்ந்தெடுத்த விதம்

ஐரோப்பா என்றதும் பாரிஸ், ரோம், வெனிஸ் என்று பட்டியல் நீளும். அவை ஒன்றுக்கொன்று வெகு தூரம். வயதானவர்களோடு போகும்போது ரயிலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, ஓர் ஊரில் இரண்டு இரவாவது தங்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். அப்படிப் பார்த்தபோது கைகொடுத்தது ரைன் நதி. ஸ்விட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் இடையே எல்லையாக ஓடி, நெதர்லாந்தில் கடலில் சேரும் 1,230 கிலோமீட்டர் நீள நதி அது. அதன் வாய்ப்பக்கம் தொடங்கி மலைப்பக்கம் போவது என்று வைத்துக்கொண்டால் ஆறு நாடுகளும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

ஆம்ஸ்டர்டாமில் 3 இரவு, பிரஸ்ஸல்ஸில் 2, லக்ஸம்பர்க்கில் 2, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் 5, ஸ்விட்சர்லாந்தின் லூசர்னில் 4. ஜெர்மனியில் இரவு தங்கவில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து பகலில் போய் வந்தோம். விமானத்தில் ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, ஜூரிக்கில் ஏறினோம். போன இடத்துக்கே திரும்பி வரும்படி டிக்கெட் வாங்கினால் ஒரு முழு நாள் ரயிலில் வீணாகும்.

விசா: நால்வருக்கும் ஒரே கணக்கு

ஷெங்கன் பகுதி என்பது இன்று 29 நாடுகள். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த 25 நாடுகள். அவற்றோடு ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. அயர்லாந்தும் சைப்ரஸும் இதில் இல்லை. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். எந்த 180 நாட்களிலும் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் இந்தப் பகுதியில் தங்கக் கூடாது.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சமமான நாட்கள் என்றால், முதலில் நுழையும் நாட்டிடம். நாங்கள் இறங்கியது ஆம்ஸ்டர்டாமில் என்றாலும் அதிக இரவுகள் பிரான்ஸில் என்பதால் நால்வரும் பிரான்ஸ் நாட்டு விசாவுக்கே விண்ணப்பித்தோம். அதோடு, அவரவர் வசிக்கும் இடத்துக்கு அருகில் உள்ள மையத்தில் கொடுப்பது வசதி. ஆகவே அண்ணா கொல்கத்தாவிலும், அக்கா சென்னையிலும், தம்பி பெங்களூரிலும், நான் தில்லியிலும் கொடுத்தோம். நால்வரின் பயணத் திட்டமும் தங்குமிட ரசீதும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தமிழர்களுக்கே உரிய ஒரு சங்கடமும் இதில் உண்டு. நம் பெயர்தான்! அக்காவுக்கும் எனக்கும் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக அவரவர் கணவர் பெயர். அண்ணாவுக்கு அப்பா பெயர். தம்பிக்குக் குடும்பப் பெயர் என்ற இடமே காலி. இந்த நால்வரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று வெளிநாட்டு அதிகாரி எப்படி நம்புவார்? எங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாய் தந்தை பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கங்களின் நகலை நால்வரும் இணைத்து, "நாங்கள் உடன்பிறந்தவர்கள், சேர்ந்து பயணம் செய்கிறோம்" என்று ஒரே கடிதத்தில் நால்வர் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். விசா வந்துவிட்டது.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளாவது முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். கோடையில் மையங்களில் நேரம் கிடைப்பது கடினம். கைரேகை ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் வரை செல்லும்.

நாங்கள் போனபோது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் அதற்குப் பதிலாக முகத்தையும் கைரேகையையும் கணினியில் பதிவு செய்யும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இனிப் போகிறவர்கள் இறங்கும் விமான நிலையத்தில் கூடுதல் நேரம் நிற்க நேரலாம். அடுத்த விமானமோ ரயிலோ பிடிப்பதாக இருந்தால் இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.

வாசற்கதவு சொல்லும் நாடு

ஆம்ஸ்டர்டாமின் வாய்க்கால்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது பார்லே என்ற சிற்றூரைப் பற்றி. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் பிரேடா போய், அங்கிருந்து பேருந்தில் போக வேண்டும். ஊர் இருப்பது நெதர்லாந்துக்குள்ளே. ஆனால் அதில் திட்டுத் திட்டாக 22 துண்டுகள் பெல்ஜியத்துக்குச் சொந்தம். அந்தப் பெல்ஜியத் துண்டுகளுக்குள்ளும் நெதர்லாந்தின் குட்டித் துண்டுகள் சில. 1198-ல் இரண்டு பிரபுக்களுக்கிடையே நிலம் பிரித்துக்கொண்டதில் தொடங்கிய வினை இது!

நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகளால் எல்லை போட்டிருக்கிறார்கள். கோடு கடைக்குள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது. கோடு வெட்டிக்கொண்டு போகும் வீடு எந்த நாட்டைச் சேர்ந்தது? வாசற்கதவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த நாடு. ஒரு வீட்டில் வாசற்கதவின் நடுவிலேயே கோடு போகிறது. அந்த வீட்டுக்கு இரண்டு கதவு எண்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தந்த நாட்டுக் கொடி.

அண்ணா கொல்கத்தாவில் நாற்பது வருஷமாக இருப்பவர். அவருக்கு உடனே கூச் பிஹார் நினைவு வந்தது. இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் இடையே இப்படி 162 திட்டுகள் இருந்தன. அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் போவதுகூடப் போராட்டமாக இருந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் இரு நாடுகளும் அவற்றை மாற்றிக்கொண்ட பிறகுதான் அந்தத் துன்பம் தீர்ந்தது. பார்லேயில் ஒரு திட்டைக்கூட மாற்றவில்லை. கோடு அப்படியே இருக்கிறது. ஆனால் கோட்டைத் தாண்டி ரொட்டி வாங்கப் போகிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. எல்லை வேறு, தடை வேறு என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஷெங்கன் என்பது ஒரு கிராமம்

விசாவில் நாம் படிக்கும் 'ஷெங்கன்' என்ற பெயர் லக்ஸம்பர்க்கின் தென்கிழக்குக் கோடியில் உள்ள ஒரு சின்னக் கிராமத்தின் பெயர். மொசெல் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை ஜெர்மனி. தெற்கே கொஞ்சம் நடந்தால் பிரான்ஸ். மூன்று நாடும் சந்திக்கும் இந்த இடத்தில், 'பிரின்ஸெஸ் மேரி அஸ்ட்ரிட்' என்ற கப்பலில் 1985 ஜூன் 14 அன்று பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. எல்லைச் சோதனை உண்மையில் நின்றது 1995 மார்ச் 26 முதல். ஸ்விட்சர்லாந்து 2008-ல் சேர்ந்தது.

இங்கே எங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று. லக்ஸம்பர்க்குக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஓடும் மொசெல் ஆற்றை இரண்டு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளவில்லை. 1815-ல் நெப்போலியன் போர்கள் முடிந்து எல்லை வகுத்த காலத்திலிருந்து முழு ஆறும் இருவருக்கும் பொது. நம் ஊரில் பாகப் பத்திரம் எழுதும்போது நிலத்தைப் பிரித்துவிட்டு, கிணற்றை மட்டும் "பொதுவில் அனுபவித்துக்கொள்ள" என்று எழுதுவோமே, அதே மாதிரி. "கிணத்துல பாதியை எப்படிப் பிரிக்கிறது?" என்றாள் அக்கா. வீடு விற்ற பேச்சு அந்தப் பயணத்தில் வந்தது அந்த ஒரு தடவைதான். அதையும் யாரும் வளர்க்கவில்லை.

ஷெங்கனுக்குப் போவது எளிது. 2020 பிப்ரவரி 29 முதல் லக்ஸம்பர்க் நாடு முழுவதும் பேருந்து, ட்ராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாம் இலவசம். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதமில்லை. டிக்கெட் என்ற பேச்சே இல்லாமல் தலைநகரிலிருந்து பேருந்தில் போய் வந்தோம். பாலத்தைக் கால்நடையாகக் கடந்து ஜெர்மனியின் பெர்ல் ஊரில் காப்பி குடித்தோம்.

ஒரு தாய், இரண்டு பிள்ளைகள்

எல்லை திறந்ததன் அருமை புரிய வேண்டுமானால் ஸ்ட்ராஸ்பர்க்குப் போக வேண்டும். இது அல்ஸாஸ் பகுதியின் தலைநகர். 142 மீட்டர் உயரக் கோபுரம் கொண்ட தேவாலயத்துக்குப் பேர் போனது. ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடுமிடமும் இதுதான்.

இந்த ஊரில் 1869-ல் பிறந்து, 76 வயது வரை ஒரே தெருவில் வாழ்ந்த ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். பிறக்கும்போது அவள் பிரெஞ்சுக்காரி. 1871-ல் ஜெர்மனி வென்றதும் ஜெர்மன்காரி. முதல் உலகப் போர் முடிந்து 1918-ல் மீண்டும் பிரெஞ்சுக்காரி. 1940-ல் ஹிட்லரின் படை வந்ததும் மறுபடி ஜெர்மானிய ஆட்சி. 1944 நவம்பரில் மறுபடி பிரான்ஸ். வீடு மாறவில்லை, நாடு நான்கு தடவை மாறியது. இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் அல்ஸாஸ் இளைஞர்களை ஜெர்மன் ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்த்தார்கள். அல்ஸாஸில் மட்டும் அப்படிப் போனவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர்.

ஊரின் குடியரசுச் சதுக்கத்தில் 1936-ல் திறந்த ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. லியோன் எர்னஸ்ட் ட்ரிவியே என்ற சிற்பி செய்தது. ஒரு தாய், உயிர் பிரியும் தன் இரண்டு மகன்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். ஒருவன் பிரான்ஸுக்காகப் போரிட்டவன், மற்றவன் ஜெர்மனிக்காக. இரண்டு பேர் உடம்பிலும் ராணுவ உடை இல்லை. யார் எந்தப் பக்கம் என்று உடையை வைத்துச் சொல்ல முடியாது. பிரான்ஸின் மற்ற ஊர்களில் இத்தகைய சின்னங்களில் நாட்டுக்காக மாண்டதாக எழுதுவது வழக்கம். இங்கே 'இறந்த எங்களவருக்கு' என்ற பொருளில் மட்டும் பொறித்திருக்கிறார்கள். வேறு எப்படி எழுத முடியும்?

தம்பி இதை விளக்கிச் சொன்னதும் அக்கா, "ரெண்டும் ஒருத்தி பெத்ததா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பக்கத்துப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இதே எல்லைப்புறத்து வரலாறுதான் ராபர்ட் ஷூமன் என்பவரையும் உருவாக்கியது. தந்தை லொரெய்ன் பகுதிக்காரர். 1871-ல் ஜெர்மன் குடிமகனாக ஆக்கப்பட்டவர். மகன் 1886-ல் லக்ஸம்பர்க்கில் ஜெர்மன் குடிமகனாகப் பிறந்தார். 1918-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடிமகனானார். பின்னாளில் பிரான்ஸின் வெளியுறவு அமைச்சராக, 1950 மே 9 அன்று ஒரு திட்டத்தை அறிவித்தார். பிரான்ஸும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைக்க வேண்டும் என்பது அது. பீரங்கி செய்ய இந்த இரண்டும் வேண்டும். அவை பொதுவில் இருந்தால் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போருக்கு ஆயத்தம் செய்ய முடியாது. 1951-ல் ஆறு நாடுகள் அதற்கு ஒப்பந்தம் போட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வேர் அதுதான். 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை மோதிய இரண்டு நாடுகளும் அதற்குப் பிறகு மோதவில்லை.

ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து ரைன் நதிக்கு அக்கரையில் உள்ள ஜெர்மனியின் கேல் ஊருக்கு 2017 முதல் ட்ராம் ஓடுகிறது. பாலத்தின் மீது சில நிமிடங்களில் நாடு மாறிவிடுகிறது. அன்று மாலை அண்ணாவும் தம்பியும் மட்டும் அதில் போய்விட்டு இருட்டிய பிறகு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. கையில் ஒரு பை நிறையத் தக்காளியும் வெங்காயமும். "அந்தக் கரையில விலை மலிவு" என்றார் அண்ணா. அன்றிரவு அண்ணா வெங்காயம் அரிய, தம்பி ரசம் வைத்தான்.

ஒரு எச்சரிக்கை. திறந்த எல்லை என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்தது. வேறு சில நாடுகளும் அவ்வப்போது செய்கின்றன. ரயிலிலும் ட்ராமிலும் போலீஸ் ஏறிக் கேட்கலாம்.

மலையும் முழங்காலும்

ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து பாஸல் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள். அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் லூசர்ன்.

ஸ்விட்சர்லாந்து என்றால் எல்லோரும் யுங்ஃப்ராவ்யோக் போக வேண்டும் என்பார்கள். அது 3,454 மீட்டர் உயரம். அங்கே காற்றில் பிராணவாயு குறைவு. இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. அக்காவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஆகவே நாங்கள் ரிகி மலையைத் தேர்ந்தெடுத்தோம். சுமார் 1,800 மீட்டர்தான். லூசர்னிலிருந்து ஏரியில் கப்பலில் விட்ஸ்நாவ் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் உச்சி வரை போகலாம். 1871-ல் தொடங்கிய இந்த ரயில் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். ஸ்விஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் கப்பல், ரயில் இரண்டுக்கும் தனி டிக்கெட் வேண்டாம்.

தண்டவாளத்துக்கு நடுவே பற்களைப் பார்த்ததும் தம்பி, "மேட்டுப்பாளையம்!" என்று கூவினான். தப்பில்லை. நம் நீலகிரி ரயிலின் பல்சக்கர முறையை வகுத்த ரோமன் ஆப்ட் ஸ்விட்சர்லாந்துக்காரர். ஊட்டி ரயிலுக்குப் பெயர் வாங்கித் தந்த பழைய நீராவி இன்ஜின்களும் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்தவை.

நடை விஷயத்தில் எங்கள் விதி: மூத்தவர் முழங்காலே வழிகாட்டி. பழைய நகரங்களில் தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியிருக்கும். மெத்தென்ற அடிப்பாகம் உள்ள ஷூ இல்லாமல் முடியாது. பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. தங்குமிடம் பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி ஒவ்வொருவருக்கும் ஒன்றுதான், அவரவரே தூக்கக்கூடிய எடையில். மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். காப்பீடு வாங்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் செல்லுமா என்று படித்துப் பாருங்கள். எல்லா நாட்டிலும் அவசர உதவிக்கு எண் 112.

ரயில் டிக்கெட்டில் ஒரு விவரம். நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க், ஸ்விட்சர்லாந்தில் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் இடம் பதிவு செய்யத் தேவையில்லை. பிரான்ஸின் டிஜிவி அதிவேக ரயிலுக்குப் பதிவு கட்டாயம். யூரெய்ல் பாஸ் வைத்திருந்தாலும் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. 60 வயது ஆனவர்களுக்கு யூரெய்ல் பாஸில் 10 சதவீதம் தள்ளுபடி. தினமும் ரயிலேறப் போவதில்லை என்றால் தனித்தனி டிக்கெட்டை முன்கூட்டி வாங்குவது மலிவாக இருக்கலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பணமும் சாப்பாடும்

உடன்பிறந்தார் பயணத்தில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் பணத்தில்தான். ஒரே வீட்டில் பிறந்தாலும் நால்வர் நிலையும் ஒன்றாக இருப்பதில்லை. ஒருவர் ஓய்வூதியத்தில், ஒருவர் நல்ல சம்பளத்தில். யாருடைய கை இறுக்கமோ அவருக்குக் கட்டுப்படியாகும்படி திட்டம் போட வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வசதியுள்ளவர் "நான் கொடுத்துவிடுகிறேன்" என்று முன்வருவது அன்புதான். ஆனால் மூன்றாம் நாள் அது மற்றவர் மனதில் பாரமாகிவிடும். நாங்கள் ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒரு பொதுப் பை வைத்தோம். தங்குமிடம், டிக்கெட், சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. சாக்லேட்டும் பரிசுப் பொருளும் அவரவர் பணம். கணக்கு எழுதும் வேலை தினம் ஒருவருக்கு. ஆறு நாடுகளில் ஐந்துக்கு யூரோ; ஸ்விட்சர்லாந்துக்கு மட்டும் பிராங்க்.

தங்குவதற்கு ஹோட்டலைவிடச் சமையலறையோடு கூடிய இரண்டு படுக்கையறை வீடு எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. அக்காவும் நானும் ஓர் அறை, அண்ணனும் தம்பியும் ஓர் அறை. குறட்டை அவர்கள் பிரச்சினை! அரிசி, பருப்பு எல்லா ஊரிலும் கிடைக்கிறது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருளும் இறைச்சி வகையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். காயவைத்துப் பொடியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிட வேண்டும்.

எப்போது போவது?

பிள்ளை கல்யாணம் முடியட்டும், பேரன் பரீட்சை முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று தள்ளிப்போட ஆயிரம் காரணம் உண்டு. அதற்குள் ஒருவருக்கு முழங்கால் போகும். ஒருவருக்குக் காது போகும். சில குடும்பங்களில் ஒருவரே போய்விடுகிறார். ஐரோப்பா எங்கும் ஓடிவிடாது. காத்திருக்காதவர்கள் நாம்தான். ஐரோப்பாதான் என்றில்லை, குற்றாலமோ கங்டாக்கோ, நால்வருக்கும் சொந்தமில்லாத எந்த ஊரும் போதும். சொத்தைப் பிரித்தது பிரித்ததுதான், கோடு இருக்கட்டும். கோட்டைத் தாண்டி வர யாருக்கும் அனுமதி வேண்டியதில்லை என்பதுதான் முக்கியம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்காவையோ அண்ணனையோ தொலைபேசியில் கூப்பிடுங்கள். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வழங்கியதா, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுமா, இரண்டு பக்கமாவது காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். "எதுக்கு?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். அங்கே ஆரம்பித்துக்கொள்ளலாம்.